வாலிநோக்கம் உப்பளமா, தனுஷ்கோடி கழியா?

ரோஸ் நிறத் தண்ணீரைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் ஹில்லியர் ஏரிவரை போகவேண்டாம். கோடையில் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளம் பக்கம் போனால் போதும். உப்பு கெட்டிப்படும் பாத்தியில் டுனாலியெல்லா என்ற நுண்பாசியும் உப்பில் வாழும் நுண்ணுயிர்களும் தண்ணீரைச் சிவக்க வைக்கும்.

நாங்கள் போனபோது செல்ஃபிக்காக ஒருவர் பாத்திக்குள் இறங்கிவிட்டார். மிதித்து மிதித்து இறுக்கிய களிமண் தரை அது. கலங்கியதும் உப்பில் சேறு ஏறியது. “வரப்புல நின்னு எடுங்க தம்பி” என்றார் உப்பு வாரும் பலகையோடு நின்ற அண்ணன், கோபப்படாமல். சரி, அந்தப் பாத்தியைத் திரும்பச் சீர்செய்துவிடலாம்.

தனுஷ்கோடி அப்படியில்லை. 2017-ல் அரிச்சல்முனைவரை சாலை வந்தபிறகு கார்கள் குவிகின்றன. குளிர்காலத்தில் ஆழமில்லாத கடற்கழியில் மேயும் பூநாரைகளைப் படமெடுக்கத் துரத்துகிறார்கள். ஒவ்வொரு தடவை பயந்து பறக்கும்போதும் தின்ற இரையின் சக்தி வீண். (அவற்றின் சிவப்பும் இரையிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமிதான், பாத்தியைச் சிவக்க வைப்பதும் அதே வகை.)

என்னைக் கேட்டால், அனுமதி வாங்கிக்கொண்டு உப்பளத்துக்கே போங்கள். பூநாரை பார்த்தே ஆகவேண்டுமென்றால் பைனாகுலரோடு சாலையோரம் நில்லுங்கள்.