எலிஜே கேபினும் அரைப் பவுன் குருவியும்: ஐந்து வருஷ அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார இறுதிக்கு மட்டும் போய் வருகிற வீடு உங்களுடையது என்றால், ஹம்மிங்பேர்ட் என்கிற குட்டிக் குருவிக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுகிற ஃபீடர் வாங்குவதற்கு முன்னால் இரண்டு செடி வாங்குங்கள். இது எனக்குப் புரிய மூன்று வருஷமும் நாலு ஃபீடரும் ஒரு கரடியும் தேவைப்பட்டது.

அமெரிக்காவில், வடக்கு ஜார்ஜியாவில் எலிஜே பக்கம் சின்ன கேபின், அட்லாண்டாவிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர், அக்டோபரில் ரோடு முழுக்க கார். 2020 கடைசியில் வாங்கியபோது உள்ளே எல்லாம் சரியாகவே இருந்தது, வெளியேதான் பரிதாபம். வீட்டை ஒட்டி 12க்கு 16 அடியில் டெக் என்கிற மரத்தளம், வெயில் மழை பட்டு சாம்பல் நிறமாகி, வெறுங்காலில் நடந்தால் சிலாம்பு ஏறும். டெக்குக்குக் கீழே சிவப்புக் களிமண் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் ஒரு ஓடை. அவ்வளவுதான் சொத்து.

டெக்கை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பணம் அதிகம் போனது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று பலகைக்கு ரொம்பக் கிட்டத்தில் பிடித்து அடித்தேன். பைன் மெத்து மரம், நார் நாராகக் கிளம்பிவிட்டது, காய்ந்த பிறகு பார்த்தால் கயிற்றுப் பாய் விரித்தது போல் இருந்தது. அதைத் தேய்த்து எடுக்கவே இரண்டு வார இறுதி ஆனது. பிறகு ஸ்டெயின், அதாவது மரத்தில் ஊறுகிற சாயப் பூச்சு. பலகை மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நின்றால் பொறுங்கள், மரம் உறிஞ்சினால்தான் அடிக்க வேண்டும். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் மட்டும் வேண்டாம். அப்போது பைன் மகரந்தம் மஞ்சள் பொடியாகக் கொட்டும், ஸ்டெயின் காய்வதற்குள் டெக் மஞ்சள் பூசிக் குளித்திருக்கும். நான் அடித்த அரை ஒளிபுகும் வகை ஸ்டெயின் தரையில் இரண்டு வருஷம் தாங்கியது, கைப்பிடியில் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஸ்டெயின் படாமல் விட்ட அடிப்பக்க விட்டங்களில் கறுத்த பெரிய வண்டுகள், ஊரில் மூங்கிலைத் துளைக்குமே அதே ஜாதி, டிரில் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை போட்டு முட்டை வைத்தன. அந்தப் புழுக்களைத் தேடி மரங்கொத்தி வந்து ஓட்டையைப் பெரிதாக்கியது. விட்டத்துக்கும் ஸ்டெயின் அடித்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

நாற்காலி, சரளைக்கல் போட்ட நெருப்புக் குழி, சர விளக்கு எல்லாம் வாங்கினோம். நெருப்புக் குழி நவம்பரில் அருமை, ஜூலையில் யாரும் தொடுவதில்லை. சர விளக்கை முதலில் இரவு முழுக்க எரியவிட்டோம், ஊர் விட்டில்பூச்சி எல்லாம் நம் வீட்டில். இப்போது மஞ்சள் பல்ப், பத்து மணிக்கு டைமர் அணைத்துவிடும். சரி, குருவிக்கு வருவோம்.

ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. நம் ஊரில் செம்பருத்தியில் தொங்கிக் குடிக்கிற தேன்சிட்டு வேறு குடும்பம், அது பெரும்பாலும் கிளையைப் பிடித்துக்கொண்டு குடிக்கும், இது அந்தரத்தில் நின்று குடிக்கும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டுவது ஒரே ஒரு வகைதான், ஆணுக்குச் சிவப்புத் தொண்டை. எடை மூன்று கிராம் சொச்சம், அரைப் பவுன் தேறாது. இறக்கை வினாடிக்கு ஐம்பது தடவைக்குக் குறையாமல் அடிக்கும். மார்ச் பின்பாதியில் ஜார்ஜியா வந்து சேரும், அக்டோபரில் காலி. போகும்போது நிறைய மெக்சிகோ வளைகுடாவை 800 கிலோமீட்டர் நிற்காமல் கடக்கின்றன. அதற்காக ஆகஸ்ட், செப்டம்பரில் விழுந்து விழுந்து தின்று முக்கால் பவுனுக்கு ஏறிக்கொள்ளும்.

2021 மார்ச்சில் முதல் ஃபீடர். கவிழ்த்து மாட்டும் கண்ணாடி பாட்டில், பார்க்க அழகு, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். அதில் இரண்டு கோளாறு. மதிய வெயில் பட்டதும் பாட்டிலுக்குள் இருக்கிற காற்று விரிந்து சர்க்கரைத் தண்ணீரை வெளியே தள்ளும், சொட்டுச் சொட்டாக டெக்கில் விழும், அரை மணியில் எறும்பு, ஒரு மணியில் குளவி. இரண்டாவது, பெரிய பாட்டில் என்பதால் நிறைய ஊற்றிவிட்டுத் தைரியமாக அட்லாண்டா திரும்பிவிடுவோம். ஜூனில் இரண்டு வாரம் கழித்துப் போனபோது தண்ணீர் கலங்கி, குடிக்கிற துளைகளைச் சுற்றிக் கறுப்புப் பூஞ்சை. மூக்குக்கிட்டே கொண்டுபோனால் புளித்த வாடை. இதை ஏதோ ஒரு குருவி குடித்திருக்கும் என்று நினைத்தபோது வயிற்றைப் புரட்டியது. கோடையில் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு, மூன்று நாள்தான் தாங்கும், நல்ல வெயில் என்றால் அதுவும் கிடையாது. இது அட்டைப் பெட்டியிலும் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை.

அடுத்தது தட்டு வடிவ ஃபீடர். துளை மேலே, தண்ணீர் கீழே, அதனால் ஒழுகாது, இரண்டாகப் பிரித்துக் கழுவலாம். குருவியின் நீள நாக்கு எட்டும், குளவிக்கு எட்டாது. இன்றும் அந்த வகைதான் வைத்திருக்கிறேன், வாங்குகிறவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டாம். மஞ்சள் பூ ஒட்டிய ஃபீடர் மட்டும் வேண்டாம், மஞ்சள் குளவியைக் கூப்பிடும், என் மூன்றாவது ஃபீடர் அப்படித்தான் குப்பைக்குப் போனது. எறும்புக்கு மேலே சின்னத் தண்ணீர்க் கிண்ணம் ஒன்று மாட்டலாம், நம் வீட்டில் நெய்ச் சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே அதே வித்தை. ஆனால் வெயிலில் அதுவும் வற்றிவிடும், நிரப்ப ஆள் வேண்டும்.

கரடி 2022 மே மாதம் வந்தது. நாங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தோம், காலையில் பார்த்தால் இரும்புக் கொக்கி கேள்விக்குறியிலிருந்து ஆச்சரியக்குறி ஆகியிருக்கிறது, தட்டு ஃபீடரின் மூடி ஓடைக்கரையில் பல் தடத்தோடு கிடக்கிறது. பக்கத்து கேபின்காரர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, சாயங்காலமே உள்ளே எடுத்து வைக்கத் தெரியாதா என்று கேட்டார். இந்த மலையில் கறுப்புக் கரடி சர்வசாதாரணம், சர்க்கரை ருசி கண்டுவிட்டால் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் ஆபத்து கரடிக்குத்தான். இப்போது பொழுது சாயும்போது ஃபீடர் உள்ளே, கிளம்பும்போதும் உள்ளே.

அதே கோடையில் இன்னொன்றும் நடந்தது. மலை தெரிகிற பெரிய ஜன்னலிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஃபீடரை மாட்டியிருந்தேன். ஒரு மதியம் டக் என்று சத்தம். பெண் குருவி ஒன்று பலகையில் கிடந்தது, கண் பாதி மூடி, அலகு கொஞ்சம் திறந்து. எடுத்தால் உள்ளங்கையில் எடையே தெரியவில்லை, சூடும் துடிப்பும் மட்டும் தெரிந்தது. முதுகுப் பச்சை கிட்டத்தில் பார்த்தால் ஒரே பச்சை இல்லை, ஒவ்வொரு இறகுக்கும் ஓரத்தில் செம்புக் கம்பி சுற்றிய மாதிரி. காலணிப் பெட்டியில் துணி போட்டு, மூடி, இருட்டில் வைத்தோம். இருபது நிமிஷத்தில் உள்ளே ரீங்காரம் கேட்டது, வெளியே கொண்டுபோய்த் திறந்ததும் போய்விட்டது. நான் மாட்டியிருந்த தூரம்தான் மோசமான தூரமாம். ஃபீடர் ஜன்னலுக்கு மூன்று அடிக்குள் இருக்க வேண்டும், மோதினாலும் வேகம் இருக்காது, இல்லையென்றால் முப்பது அடி தாண்டி. அன்றே ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினேன், அதற்குப் பிறகு மோதல் இல்லை.

2023 கோடையில் அம்மா தென்காசியிலிருந்து வந்தார்கள். அட்லாண்டா அபார்ட்மெண்டில் அடைபட்ட மாதிரி இருக்கிறது என்றதால் எலிஜேயில் ஆறு வாரம் தங்கினோம், நான் அங்கிருந்தே வேலை பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர் இலாகாவை அம்மா கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரை, நாலு டம்ளர் தண்ணீர், கரைகிற அளவு சூடு, ஆறவைத்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான், பதம் கிதம் கிடையாது. சிவப்புக் கலர் சேர்க்கவே கூடாது. அம்மாவுக்கு ஒரே குறை, வெள்ளைச் சர்க்கரை விஷம், பாவம் நாட்டுச்சர்க்கரை போடலாமே என்று. நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் இரும்புச் சத்து உண்டு, அது இந்தக் குருவிக்கு ஆகாது, தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும் என்று சொன்னேன்.

“நல்லதெல்லாம் ஆகாதுன்னா இது என்ன குருவிலே” என்றார்கள்.

இரண்டு நாளைக்கு ஒரு தடவை வெந்நீரில் கழுவி, வினிகர் ஊற்றித் துளைகளைத் துலக்கி, புதுசு நிரப்பினார்கள். அந்த ஆறு வாரம்தான் எங்கள் டெக்கில் குருவி கூட்டமாக வந்தது. ஒரு ஆண் குருவி ஃபீடரைத் தன் பெயரில் பத்திரம் பதிந்த மாதிரி மேப்பிள் கிளையில் உட்கார்ந்துகொண்டு, வருகிற எல்லாரையும் விரட்டும். வீட்டின் மறுபக்கம், அதன் கண்ணுக்குப் படாத இடத்தில், இன்னொரு ஃபீடர் மாட்டிய பிறகுதான் மற்றவை குடித்தன. அதன் தொண்டை நிழலில் கரி போலக் கறுப்பு, தலையை வெயில் பக்கம் ஒரு விரற்கடை திருப்பினால் போதும், குப்பென்று தீப்பற்றின மாதிரி சிவக்கும். காலையில் அம்மா காபி டம்ளரோடு சிவப்பு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று நேராக வந்து நெஞ்சுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, பூ இல்லை என்று தெரிந்து போனது. அம்மா அதைத் தென்காசிக்கு ஃபோன் போட்டு எத்தனை பேரிடம் சொன்னார்கள் என்று கணக்கே இல்லை.

அம்மா கிளம்பினார்கள், நாங்கள் மறுபடி சனி, ஞாயிறு. ஃபீடர் இருக்கும், இருக்காது. அப்போதுதான் கணக்கு பிடிபட்டது. குருவிக்கு ஃபீடர் பெட்டிக்கடை, பூதான் வீட்டுச் சமையல், ஐந்து நாள் நான் இல்லாவிட்டாலும் பூ தானே சுரக்கும், கழுவ வேண்டாம், கரடிக்கு அதில் வேலை இல்லை.

செடிகளில் முதல் மார்க் இந்த ஊருக்கே உரிய சிவப்பு ஹனிசக்கிள் கொடிக்கு. டெக் கைப்பிடியில் ஏற்றிவிட்டேன், ஏப்ரலில், குருவி வந்து சேர்ந்த கையோடு, குழல் குழலாகப் பூத்து நிற்கும். நர்சரியில் கேட்டு வாங்குங்கள், ஜப்பான் ஹனிசக்கிள் என்று இன்னொன்று உண்டு, வாசனை தூக்கும், ஆனால் காட்டையே மூடிவிடும் களை. இரண்டாவது பீ பாம், புதினா குடும்பம், ஜூலையில் சிவப்புக் குஞ்சலம். மான் தொடவில்லை, ஆனால் ஈரக்காற்றில் இலையில் வெள்ளைச் சாம்பல் படியும், நெருக்கி நடாதீர்கள். கூரைத் தண்ணீர் விழுகிற சேற்று மூலையில் கார்டினல் ஃப்ளவர், ஆகஸ்டில் நெருப்புக் குச்சி மாதிரி நிற்கும். இதற்கு நடுவில் ஆசைப்பட்டு ஹோஸ்டா எட்டுத் தொட்டி வைத்தேன், ஒரே இரவில் மான் தண்டு வரை தின்றுவிட்டது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வெட்கக்கேடு என்னவென்றால், சிறந்த செடி காசு கொடுக்காமலே இருந்தது. ஓடை ஓரம் ஒரு களை இடுப்பு உயரம் வளரும், முதல் இரண்டு வருஷமும் குனிந்து குனிந்து பிடுங்கிப் போட்டேன். மூன்றாம் வருஷம் அம்மாதான், பிடுங்காதே, காசித்தும்பை மாதிரி இருக்கு என்று காயைத் தொட்டுக் காட்டினார்கள், பட்டென்று வெடித்து விதை சிதறியது, சின்ன வயசில் நாங்கள் விளையாடியது அப்படியே. காசித்தும்பை குடும்பமேதான், இங்கே ஜூவல்வீட் என்பார்கள். ஆரஞ்சுப் பூ, உள்ளே சிவப்புப் புள்ளி, கோடைக் கடைசியில் பூக்கத் தொடங்கிப் பனி விழும் வரை பூக்கும், குருவி பயணத்துக்கு உடம்பு ஏற்றுகிற அதே நேரம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆண்கள் கிளம்பத் தொடங்கும், டெக் கொஞ்சம் அமைதியாகும், செப்டம்பரில் பெண்ணும் குஞ்சும் வடக்கிலிருந்து வருகிறவையுமாக ஓடைக்கரை அமளிப்படும். இப்போது அந்தப் பக்கம் நான் கத்தரி கொண்டு போவதே இல்லை. பூச்சிமருந்தும் அடிப்பதில்லை, கொசுவும் சின்னச் சிலந்தியும்தான் குஞ்சுக்குச் சாப்பாடு, கூட்டை ஒட்டவைக்கச் சிலந்தி இழைதான் பசை. கும்பிடுபூச்சி மட்டும் ஃபீடரில் உட்கார்ந்திருந்தால் எடுத்துத் தள்ளி விடுவேன். நம்ப மாட்டீர்கள், அது குருவியையே பிடிக்கும்.

ஃபீடரைத் தூக்கி எறியவில்லை. போனதும் அரைத் தட்டு ஊற்றி மாட்டுவது, கிளம்பும்போது கழுவிக் கவிழ்ப்பது. ஃபீடர் தொங்கினால் குருவி தெற்கே போகாமல் தங்கிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை, பகல் குறைவதைப் பார்த்து அது போய்விடும். சொல்லப்போனால் வார இறுதிக்காரனுக்கு ஃபீடர் குளிர்காலத்தில்தான் தோது. குளிரில் தண்ணீர் ஒரு வாரம் கெடாது, மேற்கிலிருந்து செம்பழுப்பு நிற ரூஃபஸ் வகை ஒன்றிரண்டு குளிர்காலத்தில் ஜார்ஜியாவுக்கு வருவதும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் கரடி நடமாட்டமும் குறைவு. இரண்டு குளிர்காலமாக ஒரு ஃபீடர் மாட்டிப் பார்க்கிறேன். உறைபனி இரவில் உறைந்து கட்டியாகியது, சிக்கடி என்கிற சின்னக் குருவி ஒன்று வந்து விளிம்பைக் கொத்திவிட்டுப் போனது. ரூஃபஸ் வரவில்லை. இந்த வருஷமும் மாட்டுவேன்.