ஒலிம்பஸ் எக்ஸ்ஏ-வுக்கு எந்தப் பை பொருந்தும்?

1979-இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ ஃபிலிம் கேமராவை வடிவமைத்த யோஷிஹிசா மைதானி, லென்ஸ் மூடியோ உறையோ இல்லாமல் அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற கேமராவாகத்தான் அதை நினைத்துச் செய்தார். முன்பக்கத்து நகரும் மூடியை இழுத்து அடைத்தால் லென்ஸும் வியூஃபைண்டரும் மறைந்துவிடும், ஷட்டரும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எதற்குப் பை? இன்று கைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு எக்ஸ்ஏ-வும் பல பத்தாண்டுகள் பழையது, புதிதாக யாரும் செய்வதில்லை, அதனால்தான். மூடி ஓடும் தண்டவாளத்தில் சட்டைப்பைப் பஞ்சு சேர்ந்தால் மூடி கடைசிவரை திறக்காது. முழுக்கத் திறக்காவிட்டால் ஷட்டர் விழாது. நம் ஊர் வெயிலில் மார்போடு ஒட்டிக் கிடக்கும் கேமராவுக்குள் வியர்வை ஈரமும் போகும். சாவியும் சில்லறையும் பிளாஸ்டிக் உடம்பைக் கீறும். ஆக ஒரு சின்னப் பை வேண்டும். ஆனால் கடையில் "கேமரா பவுச்" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதில் பெரும்பாலானவை இதற்குப் பொருந்தாது.

காரணம் கனம், அதாவது தடிமன். எக்ஸ்ஏ-வின் அளவு 102 × 64.5 × 40 மி.மீ., எடை 225 கிராம். நீளத்தையும் உயரத்தையும் பார்த்துப் பை வாங்குபவர்கள் அந்த 40 மி.மீ.-ஐக் கவனிக்காமல் விடுகிறார்கள். போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்குக்கு விற்கும் கெட்டியான இவிஏ (ரப்பர் போன்ற பிளாஸ்டிக் நுரை) டப்பா பார்க்க அழகாக இருக்கும், விலையும் சில நூறு ரூபாய்தான். உள்ளே ஆழம் 25, 30 மி.மீ.-க்கு மேல் இருப்பது அரிது. அமுக்கி ஜிப்பை இழுத்து மூடினால் அந்த அழுத்தம் முழுக்க முன்மூடியின் மேல் விழும். வளைந்த தண்டவாளத்தைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கடினம். இந்த டப்பா வேண்டாம்.

தட்டையான துணிப் பவுச்சில் இன்னொரு சிக்கல். விற்பவர் எழுதியிருக்கும் அகலம், பையைத் தரையில் பரப்பி அளந்த அகலம். பொருளை உள்ளே வைத்ததும் அந்த அகலத்தில் ஒரு பகுதியைக் கனம் விழுங்கிவிடும். கணக்கு எளிது: கேமராவின் நீளத்தோடு கனத்தைக் கூட்டுங்கள், 102 + 40 = 142. கை நுழைய இடம் சேர்த்து, உள்ளளவு 155 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். உயரத்துக்குக் கனத்தில் பாதி, 20 + 64.5, வாய் மூடுவதற்கு மேலே இன்னும் 25, 30. ஆக 115 மி.மீ. "12 செ.மீ. பவுச், 10 செ.மீ. கேமராவுக்குத் தாராளம்" என்று நினைத்து வாங்கினால் கேமரா பாதியிலேயே நின்றுவிடும்.

பக்கச்சுவர் வைத்துப் பெட்டி போலத் தைத்த பைகள்தான் எக்ஸ்ஏ-வுக்கு ஏற்றவை. அதில் நம்பி வாங்கக்கூடியது, கேனன் பவர்ஷாட் ஜி10, ஜி11, ஜி12 டிஜிட்டல் கேமராக்களுக்காக விற்ற மெத்தைப் பவுச். 2008 முதல் 2010 வரை வந்த அந்தக் கேமராக்கள் ஏறத்தாழ 110 × 77 × 47 மி.மீ. அவற்றுக்கு அளவெடுத்துத் தைத்த பைக்குள் எக்ஸ்ஏ போனால் நீளத்தில் கொஞ்சம் இடமும், உயரத்தில் ஒரு செ.மீ.-க்குச் சற்று மேலும் மிஞ்சும். மேலே மிஞ்சுகிற இடம் வீண் இல்லை. மணிக்கட்டு வார் சுருண்டு உட்கார அதுதான் இடம். வாரைக் கேமராவின் உடம்பைச் சுற்றிக் கட்டி வைத்தால் கனத்தில் 10 மி.மீ. ஏறிவிடும், முடிச்சு ஷட்டர் பட்டன் பக்கமும் வரும். சோனி ஆர்எக்ஸ்100-இன் பவுச்சும் பழைய பொருள் சந்தையில் நிறையக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கேமரா 58 மி.மீ. உயரம், 36 மி.மீ. கனம். எக்ஸ்ஏ இரண்டிலும் பெரியது. இழுபடும் நியோப்ரீன் ரப்பர்ப் பையாக இருந்தால் எப்படியோ உள்ளே போகும், வெளியே எடுக்கும்போதுதான் தொல்லை: விரல் முன்மூடியைப் பிடித்து இழுக்கும், மூடி திறந்துகொள்ளும், சிவப்பு ஷட்டர் பட்டன் லேசாகத் தொட்டாலே விழும் ரகம். ஒரு ஃபிரேம் போய்விடும்.

பழைய பவுச் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது உள் ஸ்பாஞ்ச். பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் காற்றிலுள்ள ஈரத்தாலேயே காலப்போக்கில் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு கருப்புப் பொடியாக உதிரும். கேமராவின் பின்கதவில் ஒளி புகாமல் அடைக்கும் ஸ்பாஞ்ச் கெட்டுப்போவதும் இதே காரணத்தால்தான். லைனிங் மேல் கட்டைவிரலை அழுத்திப் பத்து நொடி வைத்து எடுங்கள். குழி எழும்பி வராவிட்டாலும், விரல் ஒட்டினாலும், தட்டும்போது பொடி விழுந்தாலும் அதை வாங்காதீர்கள். அந்தப் பொடி முன்மூடி இடுக்கிலும் பின்கதவு விளிம்பிலும் புகுந்துவிட்டால் துடைத்து எடுப்பது பெரும்பாடு.

தோல் உறை பற்றிப் பலருக்கு ஆசை இருக்கிறது. ரோலை 35, ஒலிம்பஸ் ட்ரிப் 35, கேனனெட் போன்ற பழைய கேமராக்களுக்கு அந்தக் காலத்தில் தோல் உறை உண்டு, பார்க்கக் கம்பீரமாகவும் இருக்கும். அலமாரியில் கேமராவை அதற்குள்ளேயே மாதக்கணக்கில் வைப்பதுதான் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும் ஊரில் பூஞ்சைக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. உறையில் வெள்ளைப் படலம் தெரிந்தால் லென்ஸுக்கும் அது தொற்ற நாளாகாது. லென்ஸ் பூச்சை ஒருமுறை பூஞ்சை அரித்தால் கண்ணாடியைத் துடைத்தாலும் தடம் போகாது. வெளியே போகும் நாளில் மட்டும் தோல் உறையைப் பயன்படுத்துங்கள். ரெக்ஸினுக்குத் தோலின் ஆயுளும் கிடையாது. நம் தட்பவெப்பத்தில் சில வருடங்களில் மேல்தோல் உரியத் தொடங்கும்.

ஏற்கெனவே பெரிய தோள்பை வைத்திருப்பவருக்குத் தனிப் பவுச்சே தேவையில்லை, சுற்றுத்துணி போதும். 'ஜப்பான் ஹாபி டூல்' நிறுவனம் விற்கும் 'ஈஸி ராப்பர்' தன்மேல் தானே ஒட்டும் துணி; 28 செ.மீ. சதுரம் உள்ள சிறிய அளவு எக்ஸ்ஏ-வுக்குச் சரி. டோம்கே நிறுவனத்தின் 11 அங்குல மெத்தைத் துணியில் மூலைகளில் வெல்க்ரோ இருக்கும். பயணத்தில் கேமராவைப் பத்திரமாக வைக்க இரண்டும் நல்லவை. தெருவில் நின்று படமெடுக்க இரண்டுமே உதவாது, பிரிக்க இரண்டு கையும் வேண்டும். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் வார் நூலையும் லைனிங்கையும் பிய்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது. காந்தப் பொத்தான் வைத்த பைகளைத் தவிர்ப்பது நல்லது: எக்ஸ்ஏ-வின் வியூஃபைண்டருக்குள் ஷட்டர் வேகம் காட்டுவது ஒரு மெல்லிய முள், வலுவான காந்தம் பக்கத்தில் இருந்தால் அது பிறழும். நைலான் பல் வைத்த 5-ஆம் எண் ஜிப், அதன் உட்பக்கம் ஒரு துணி மடிப்பு, இதுவே போதும். உலோகப் பல் வேண்டாம்.

தைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் கடைப் பையைவிட நல்ல பை கிடைக்கும். வெளியே கான்வாஸ், உள்ளே மைக்ரோஃபைபர் அல்லது ஃபிளானல், நடுவில் 3 மி.மீ. இவிஏ ஷீட். இவிஏ நீரை உறிஞ்சாது, பாலியூரித்தேன் போல உதிரவும் செய்யாது. உள்ளளவு 110 × 72 × 45 மி.மீ. என்று வைத்து, மெத்தைக்கும் தையலுக்கும் விட்டால் வெட்ட வேண்டிய அளவுகள் இவை: முன், பின் துண்டுகள் 136 × 98, அடியையும் இரு பக்கத்தையும் சுற்றி வரும் பட்டை 292 × 71, மேல்மூடி 136 × 121. எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஓரத்துக்கும் 10 மி.மீ. தையல் விட்டிருக்கிறது. இவிஏ-வைத் தையல் கோட்டுக்கு உள்ளேயே நிறுத்த வேண்டும்; மூலையில் இரண்டு துணி, இரண்டு ஷீட் சேர்ந்தால் வீட்டுத் தையல் மெஷின் ஊசி முறியும். பெல்ட் கண்ணியைப் பின்துண்டில், மூட்டுவதற்கு முன்பே, பெட்டி போட்டுக் குறுக்குத் தையலாகத் தைத்துவிடச் சொல்லுங்கள்.

எக்ஸ்ஏ-வின் பக்கவாட்டில் திருகி மாட்டும் ஏ11 ஃபிளாஷை மாட்டியே வைத்துக்கொள்பவர்களுக்கு மேலே சொன்ன எந்த அளவும் ஒத்துவராது. ஃபிளாஷை மாட்டி மூன்று பக்கமும் இன்ச் டேப் பிடித்து அளந்துவிட்டு, பழைய கணக்கையே போடுங்கள். திருகைக் கழற்றித் தனியே வைப்பது இன்னும் நல்லது. மேலே எழும்பியிருக்கும் பட்டனை அமுக்கி அணைக்காமல் பையில் போட்டால் அது மின்னேற்றிக்கொண்டே கிடந்து ஒற்றை ஏஏ பேட்டரியைத் தீர்த்துவிடும்.

ஃபிலிம் ரோலைக் கேமரா இருக்கும் அறையிலேயே திணிக்க வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவின் விட்டம் 31 மி.மீ., உயரம் 51. நடக்கும்போது உருண்டு முன்மூடியில் இடித்துக்கொண்டே இருக்கும். ரோலை ஜிப் வைத்த தெளிவான பிளாஸ்டிக் கவரில் தனியாக வைத்தால் விமான நிலையத்திலும் உதவும். அங்கே பைகளைச் சோதிக்கும் சிடி (CT) ஸ்கேனர் ஃபிலிமைப் பாழாக்கும் என்பதால் கவரை வெளியே எடுத்துக் கையால் சோதிக்கும்படி கேட்கலாம். ரோல் மாட்டிய கேமராவுக்கும் அப்படியே கேட்க வேண்டும்.

பைக்குள் சிலிக்கா ஜெல் போட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. துணிப் பை காற்றை அடைக்காது. 5 கிராம் பொட்டலம் மழைக்காலத்தில் சில நாளிலேயே நிரம்பிவிடும், அப்புறம் அது வெறும் சுமை. வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுத்து, ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 50 கிராமுக்குக் குறையாமல் போட்டு வையுங்கள். பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி நிழலில் காய விடுங்கள். புதுப் பையாக இருந்தால் முதல்முறை பயன்படுத்துவதற்கு முன்பே திருப்பி, அகலமான செல்லோ டேப்பால் நாலைந்து தடவை ஒற்றி எடுங்கள். வெட்டிய நூலும் பஞ்சும் அதில் நிறைய வரும்.