எங்கள் பகுதிச் சிறுவர் கால்பந்துக் கழகம்: இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெற்றோரின் மதிப்பீடு

என் மகளும் மகனும் இரண்டு ஆண்டுகளாக எங்கள் பகுதியிலுள்ள ஒரு சிறுவர் கால்பந்துக் கழகத்தில் பயிற்சி பெற்று வருகிறார்கள். பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் என்னிடம் முதலில் விசாரிப்பது பயிற்சியின் தரத்தையும் வென்ற கோப்பைகளையும்தான். பயிற்சி நன்றாகவே இருக்கிறது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையை மைதான வாசலில் இறக்கிவிட்டு நாம் திரும்பிய பிறகு, அங்குள்ள பெரியவர்கள் அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சேர்க்கையின்போதே கழகம் தன் விதிகளை எழுத்தில் தந்துவிடுகிறது. பயிற்சியாளர் முதல் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் தன்னார்வலர் வரை அனைவரும் காவல்துறைச் சரிபார்ப்புக்குப் பிறகே அனுமதிக்கப்படுகிறார்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது. பெற்றோரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் அன்றிப் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பவும் கூடாது. இத்தனை கெடுபிடி எதற்கு என்று சில பெற்றோர் சலித்துக்கொள்வதுண்டு. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில், சில வேளைகளில் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, சிறுமிகளுக்குப் பாலியல் கொடுமை இழைத்தார். 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களை நீதிமன்றம் கேட்டது. அவர்களில் சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே பெரியவர்களிடம் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இங்கிலாந்திலோ, முன்னாள் கால்பந்து வீரர் ஆண்டி உட்வர்ட் தன் சிறுவயதுப் பயிற்சியாளரால் நேர்ந்ததை 2016 நவம்பரில் வெளியே சொன்ன பிறகுதான் நூற்றுக்கணக்கானோர் முன்வந்தார்கள். அணியில் இடம் தருவதும் மறுப்பதும் யார் கையில் இருக்கிறதோ, அவரைப் பற்றி ஒரு பிள்ளை வாய் திறப்பது எளிதல்ல. ஆகவே, புகார் சொன்ன பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் ஒரு கழகத்தை எடைபோட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் சோதனை எங்களுக்கே வந்தது. உதவிப் பயிற்சியாளர் ஒருவர், பந்தைத் தவறவிட்ட ஒரு சிறுவனின் உடல் பருமனைச் சொல்லி அனைவர் முன்னிலையிலும் கேலி செய்து, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவனை மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். இரவு படுக்கப் போகும்போது, விளக்கை அணைத்த பிறகுதான் என் மகன் அதைச் சொன்னான். சொல்லிவிட்டு, "கோச்சிடம் சொல்லிவிடாதீர்கள் அப்பா, என்னை டீமில் எடுக்கமாட்டார்" என்று கெஞ்சினான். மறுநாள் காலையில் கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரை அழைத்தேன். அன்று மாலையே அவர் என் மகனை என்னருகில் உட்காரவைத்துப் பேசினார். எதையும் தூண்டிக் கேட்காமல், "என்ன நடந்தது என்று உன் சொற்களிலேயே சொல்லுப்பா" என்று மட்டும் கேட்டு, அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். விசாரணை முடியும்வரை அந்தப் பயிற்சியாளர் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டார். முடிவை எங்களுக்கு எழுத்திலும் தெரிவித்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமைப் பட்டியலில் என் மகனின் பெயர் வழக்கம்போல இருந்தது. அதைப் பார்த்தபோது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதிக்காகவே இந்தக் கழகத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் என் மகளின் அனுபவம் வேறு. சிறுவர் அணிக்கு வெளிச்சம் உள்ள மாலை நேரமும் பெரிய மைதானமும் கிடைக்க, சிறுமியர் அணி கோடுகள் அழிந்துபோன பக்கத்து மைதானத்தில் இருட்டும் வேளையில் ஆடுகிறது. இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு மூன்று பயிற்சியாளர்கள் மாறிவிட்டார்கள். சிறுமியரின் உடை மாற்றும் அறையில் கோல் வலைகளும் கூம்புகளும் அடுக்கிவைக்கப்பட்டிருந்ததால், அவர்கள் பொதுக் கழிப்பறையில் ஒருத்தி வாசலில் காவல் நிற்க மற்றவர்கள் உடை மாற்றினார்கள். இதை இடப் பற்றாக்குறை என்று மட்டும் கொள்ள முடியாது. பாதுகாப்பு விதிகளை எழுதிய அதே கழகம் தன் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை அவ்விதிகளுக்கு வெளியே நிறுத்திவிட்டது. கேட்டபோது, சிறுமியரின் எண்ணிக்கை குறைவு என்றார்கள். இப்படி நடத்தினால் எண்ணிக்கை எப்படி உயரும்? 1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாடும் உரிமையைத் தருகிறது என்றால், 2ஆம் பிரிவு எந்த உரிமையிலும் பாகுபாடு கூடாது என்கிறது.

ஆட்ட நேரத்திலும் இதே குறை உண்டு. பத்து வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஒவ்வொரு பிள்ளையும் ஆடிய நிமிடங்களைப் பயிற்சியாளர் ஒரு நோட்டில் குறித்து, அனைவருக்கும் சமமாக வாய்ப்புத் தருகிறார். போட்டித் தொடர் தொடங்கியதும் அந்த நோட்டைக் காணோம், ஷூ கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை பெஞ்சிலேயே இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புப் பொறுப்பாளரின் படமும் எண்ணும் உள்ள அறிவிப்பு, பெரியவர்களின் கண்ணுக்கு நேராகத்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. என் மகள் எக்கி நின்றுதான் அதைப் படித்தாள்.

சிறுவனைச் சேர்க்க விரும்புவோருக்கு இந்தக் கழகத்தை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். சிறுமியைச் சேர்ப்பவர்கள், முதல் நாளே உடை மாற்றும் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து நிர்வாகக் குழுவுக்கு எழுதியபின், சென்ற வாரம் வலைகளை அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை.