ஃபைகஸ் புழுவுக்கு எது சரி: பி.டி.யா, வேப்பெண்ணெயா, கையா?

அலங்கார ஃபைகஸ் (ஆல், அத்தி இன) மரங்களை மொட்டையடிக்கும் புழுக்களில் டிரைலோச்சா வேரியன்ஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு முக்கியமானது. பட்டுப்பூச்சிக் குடும்பம். வாலில் சிறு கொம்புடன் கிளையோடு ஒட்டிக் கிடந்தால் காய்ந்த குச்சி என்றே தோன்றும். மரத்தடியில் கருமணி போன்ற எச்சம் கிடந்தால் உடனே மேலே தேடுங்கள்.

மருந்து வாங்கும் முன் புழுவின் நீளத்தைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் எங்கள் முதல் தேர்வு பி.டி. குர்ஸ்டாகிதான் (பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவால் ஆன உயிரி மருந்து). இலையோடு சேர்த்துத் தின்றால்தான் இது வேலை செய்யும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாக இரண்டு மூன்று நாளாகும். மறுநாளும் உயிரோடு இருக்கிறதே என்று பதறி வேறு மருந்து அடிக்க வேண்டாம். வெயிலில் இதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். அதனால் மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்து, 5 முதல் 7 நாளில் மறுபடி அடியுங்கள். அளவுக்கு லேபிளைப் பின்பற்றுங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். புழு பெருத்துவிட்டால் பலன் குறையும்.

வேப்பெண்ணெய் புழுவின் பசியையும் தோலுரிப்பையும் கெடுக்கும், ஆனால் மெதுவாக. லிட்டர் தண்ணீரில் முதலில் 1–2 மில்லி திரவ சோப்பு, பிறகு 5 மில்லி எண்ணெய் விட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். சரியாகக் கலக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் தெளிக்கும் இலைகள் கருகும். ஃபைகஸ் பெஞ்சமினா சின்னத் தொந்தரவுக்கே இலையை உதிர்த்துவிடும். ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். தாக்குதல் கடுமையாக இருந்தால் வேப்பெண்ணெயை மட்டும் நம்ப முடியாது.

தொட்டிச் செடிக்கும் போன்சாய்க்கும் கையால் பொறுக்குவதை மிஞ்சிய வழி இல்லை. இலையிலும் கிளையிலும் பின்னியிருக்கும் வெளிர்மஞ்சள் கூட்டுக்குள் பி.டி. எட்டாது. அதைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால்தான் அடுத்த தலைமுறையைத் தடுக்க முடியும்.

பைரெத்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி வகை வேகமானதுதான். ஆனால் புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் அழித்துவிடும்; பின்னாலேயே சிலந்திப்பேன் பெருகலாம். வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கானது, இலை தின்னும் புழுவுக்கு ஏற்றதல்ல.

பகலில் பறக்கும் சிவப்பு இறக்கைப் பூச்சிகளைக் கண்டால் அது ஃபைகஸைத் தாக்கும் இன்னொரு அந்துப்பூச்சியான ஃபௌடா ஃப்ளேமன்ஸாக இருக்கலாம். அதன் முதிர்ந்த புழு மரத்தை விட்டு இறங்கி மரத்தடி மண்ணில் கூடு கட்டும். அங்கே வேரைக் காயப்படுத்தாமல் மேல்மண்ணைக் கிளறிக் கூடுகளைப் பொறுக்குவது பலன் தரும்; டிரைலோச்சாவுக்கு அது வீண் வேலை.