நான்காம் இடத்துச் சத்தம்: இரைச்சலில்லா பிக்கப்புடன் ஏழு வருடம்

போன மாதம் பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பன் ஒரு படம் அனுப்பினான். 2018-ல் என் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நான் வாங்கிய அதே இரைச்சலில்லா சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப் செட். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக மாற்றி அனுப்பும் பாகம். மூன்று பிக்கப்பும் சேர்த்து 620 மலேசிய வெள்ளி. நான் வாங்கியபோது 900-க்கு மேல். "மச்சான், விலை இறங்கியிருக்கு. எடுக்கலாமா? நீதான் இத்தனை வருசமா வச்சிருக்கியே" என்று கேட்டிருந்தான்.

அவன் கேட்ட நேரத்தில் என் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) சாப்பாட்டு மேசையில் கம்பி இல்லாமல் கிடந்தது. நடு பிக்கப் செத்துப்போயிருந்தது. 'எடு', 'எடுக்காதே' என்று ஒரு வார்த்தையில் பதில் போட மனசு வரவில்லை. அவனைப் போல இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எந்த நிறுவனத்தின் செட் என்று சொல்லவில்லை. ஏழு வருடம் உழைத்த பிறகு ஒரு காயில் போனதை வைத்து யாரையும் குறை சொல்வது நியாயமில்லை. அடுக்கு வகை என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மேலே ஒரு காயில், அதற்கு நேர் கீழே இன்னொரு காயில், வெளியே பார்த்தால் சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அது நிறையவே இருக்கிறது.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு காலை வாசிக்கிறேன். பாடல் முடிந்ததும் "மௌனமாக ஜெபிப்போம்" என்பார் பாதிரியார். இருநூறு பேர் கண்ணை மூடி நிற்கும்போது, பழைய பிக்கப் இருந்த காலத்தில், என் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) மட்டும் உர்ர்ர் என்று உறுமிக்கொண்டிருக்கும். வால்யூமைச் சட்டென்று மூடுவேன். மறுபடி பாடல் தொடங்கும்போது திறக்க மறந்து முதல் வரி போய்விடும். முன் வரிசையில் உட்காரும் ஒரு பாட்டி ஒருநாள் என்னிடம் வந்து, "ஏன்யா, உன் பெட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அந்த வாரமே செட்டை வாங்கினேன்.

புது பிக்கப் போட்ட முதல் ஞாயிறு இன்னும் நினைவில் இருக்கிறது. கை கம்பியில் இல்லை, வால்யூம் முழுசாகத் திறந்திருக்கிறது, கூடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். ஆம்ப் அணைந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

உறுமலுக்குக் காரணம் தெரிந்ததுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் வயரும், விளக்கும், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரும் அதே வேகத்தில் காந்தப்புலத்தை ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றி ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று செப்புக் கம்பி. கிட்டார் கம்பியின் அதிர்வு எது, சுவரின் அதிர்வு எது என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் ஆம்புக்கு அனுப்பிவிடும். கிட்டாரோடு மெதுவாகத் திரும்பினால் ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் குறையும். கல்யாண மேடையில் அந்தக் கோணம் பெரும்பாலும் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லும்.

அடுக்கு வகையில் கீழ்க் காயிலும் அதே உறுமலைப் பிடிக்கிறது, ஆனால் தலைகீழாக. இரண்டையும் சேர்த்தால் உறுமல் ஒன்றையொன்று தின்றுவிடும். கீழ்க் காயில் கம்பியிலிருந்து தள்ளி இருப்பதால் வாசிப்பை அதிகம் கேட்காது. யோசனை அவ்வளவுதான். பத்துமலை பக்கம் ஒரு மண்டபத்தில், பின்னால் பெரிய எல்இடி திரையும் மேலே டிம்மர் விளக்குகளும் இருக்கும் மேடையில், மெல்லிய சத்தத்தையும் தூக்கிக் காட்டும் கம்ப்ரஸர் பெடலை மிதித்துக்கொண்டு அமைதியாக நிற்க முடிந்தது இதனால்தான். இன்னொன்றும் எதிர்பாராமல் கிடைத்தது. என் செட்டில் காந்தம் கம்பியை இழுப்பது குறைவு. பழைய பிக்கப்பைக் கம்பியை நோக்கிக் கொஞ்சம் உயர்த்தினாலே, தடித்த கம்பியில் பன்னிரண்டாம் கட்டுக்கு மேல் சுருதி அலையும். இதை எவ்வளவு உயர்த்தினாலும் நேராக நிற்கிறது.

ஏழு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

ஸ்ட்ராட்டில் கழுத்துப் பக்கம், நடு, கம்பி முடியும் பிரிட்ஜ் பக்கம் என்று மூன்று பிக்கப். எது ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சுக்கு ஐந்து இடம். நான் முக்கால்வாசி நேரம் நான்காம் இடத்தில் இருப்பவன், கழுத்து பிக்கப்பும் நடு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் இடம். 80-களின் திரைப்பாடல்களில் பாடகருக்குப் பின்னால் ஒவ்வொரு கம்பியாக உதிரும் அந்த வாசிப்புக்கு, என் காதுக்கு இதைவிடப் பொருத்தமான சத்தம் கிடையாது. நுனியில் ஒரு 'டக்', பின்னால் கொஞ்சம் வெற்றிடம், செம்பில் தண்ணீர் சொட்டுவது போல. முதலில் ஸ்ட்ராட்டுக்கு மூன்று இடம்தான். சுவிட்சை இரண்டு இடங்களுக்கு நடுவில் தொங்கவிட்டு வாசித்தவர்களால்தான் இந்தச் சத்தம் பிரபலமானது. 1977-ல்தான் ஃபெண்டர் ஐந்து இட சுவிட்சே போட ஆரம்பித்தது.

இப்போதைய சிங்கிள் காயில் செட்கள் பலவற்றில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள். என் பழைய அல்னிகோ 5 காந்த செட்டும் அப்படித்தான். இரண்டாம், நான்காம் இடங்களில் இரண்டு பிக்கப் சேரும்போது உறுமல் தானாக அடங்கிவிடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். அதாவது எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் உறுமல் என்பதே முன்பும் இருந்ததில்லை. தேவாலயத்தில் பாட்டி கேட்டது, நான் தனி வாசிப்புக்குக் கழுத்து பிக்கப்புக்கு மாறி, அப்படியே விட்டுவிட்ட நேரங்களில்.

அடுக்கு செட் போட்ட பிறகு நான்காம் இடத்தில் என்ன நடக்கிறது? இரண்டு காயில் செய்த வேலையை நான்கு காயில் செய்கின்றன. கீழே இருக்கும் இரண்டும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கம்பிச் சத்தத்தில் கொஞ்சத்தை அவையும் கேட்டு, தலைகீழாகக் கலந்து, மேல் காயில் கேட்டதில் ஒரு பங்கைக் கழித்துவிடுகின்றன. போதாததற்கு, அவற்றின் சுற்றுகள் மொத்தச் சுமையையும் கூட்டுகின்றன. மீட்டரில் வைத்தால் என் பழைய கழுத்து பிக்கப் 6 கிலோ ஓமுக்குப் பக்கத்தில், அடுக்கு வகை 10-க்கு மேல். மின்தடை எண் ஒன்றை வைத்து தொனியைச் சொல்ல முடியாது என்பது தெரியும். ஆனால் நான்காம் இடத்தில் அந்த 'டக்' மழுங்கிவிட்டது என்பதை என் விரல் சொல்கிறது. ட்ரெபிளைத் திருகினால் கூர்மை வருகிறது, 'டக்' வருவதில்லை. வால்யூமை ஏழுக்கு இறக்கி மெதுவாகத் தொட்டால், பழையதில் ஒவ்வொரு தொடுதலும் வேறுவேறாகக் கேட்கும். இதில் எல்லாம் ஒரே உயரத்தில் வருகின்றன.

இதை ஏழு வருடம் "பழகிக்கொள்வோம்" என்று தள்ளிப்போட்டேன். அந்த நடு பிக்கப் போனதால்தான் உண்மை வெளியே வந்தது.

ஒரு சனிக்கிழமை விருந்தில், மூன்றாம் இடத்துக்கு மாற்றினால் சத்தமே இல்லை. மறுநாள் பிக்கார்டை (பிக்கப்கள் மாட்டியிருக்கும் முன்பக்கத் தகடு) திறந்து மீட்டரை வைத்தேன். சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று காட்டியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தலைமுடி அளவே இருக்கும் காயில் கம்பி வெளி வயரோடு சேரும் கண்ணியில் பச்சை பூத்து, கம்பி அங்கேயே தேய்ந்து துண்டாகியிருந்தது. ஏழு வருட வியர்வையும் நம் ஊர் ஈரமும்தான் காரணமாக இருக்க வேண்டும். விற்ற கடையில் கேட்டேன். உத்தரவாதம் முடிந்துவிட்டது, ஒற்றைப் பிக்கப் தனியாக வரவழைக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். மூன்றாகச் சேர்த்து விற்கும்போது காட்டிய உற்சாகம் அன்று இல்லை.

அதுவரை என்ன செய்வது? பழைய செட்டின் நடு பிக்கப்பை மட்டும் மாட்டித் தரும்படி, எனக்கு எப்போதும் பழுது பார்க்கும் புடு பக்கத்து சீன அங்கிளிடம் கொடுத்தேன். முதலில் நான்காம் இடத்தில் சத்தம் ஒல்லியாக, மூக்கால் பேசுவது போல வந்தது. இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்துகொண்டிருந்தன. அங்கிள் இரண்டு வயரை மாற்றி ஈயம் வைத்தார், சரியாகிவிட்டது. ஆனால் ஆம்பில் போட்டதும் உறுமல். அதுவும் நான்காம் இடத்தில்! பழைய செட்டிலும் அங்கே உறுமல் இல்லை, புது செட்டிலும் இல்லை. இரண்டையும் கலந்ததும் வந்துவிட்டது. அடுக்கு பிக்கப் தன் உறுமலைத் தானே விழுங்கிவிட்டதால், பழைய நடு பிக்கப்பின் உறுமலை அடக்க எதிரில் ஆள் இல்லை. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. "கழுத்துக்கு மட்டும் ஒன்று வாங்கிப் பார்க்கிறேன்" என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் பழைய மூன்றையும் மாட்டிவிட்டேன். ஜாலான் பசாரில் காப்பர் டேப் ஒரு சுருள் வாங்கி, மரக் குழியையும் பிக்கார்டின் பின்பக்கத்தையும் முழுக்க ஒட்டி, மடிப்புகளில் ஈயம் வைத்து, கிரவுண்டில் சேர்த்தேன். ஒரு மாலை வேலை. இது எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. கம்பியைத் தொட்டால் குறையும் கரகரப்பு இருக்கிறதே, அது மின்புலத்தால் வருவது. டேப் அதைப் பெருமளவு தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் மெல்லிய செப்பைக் கண்டுகொள்ளாமல் உள்ளே வந்துவிடும், எத்தனை சுருள் ஒட்டினாலும் அந்த உறுமல் இருக்கும். அதேபோல, குழி சரியாகக் காப்பிடப்படாத கிட்டாரில் அடுக்கு பிக்கப் போட்டாலும் கரகரப்பு மிஞ்சலாம். "இரைச்சலில்லா பிக்கப் வாங்கியும் இரைச்சல் வருது" என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் குழியைத் திறந்து பார்க்கட்டும்.

மூன்று வாரமாகப் பழையதில் வாசிக்கிறேன். முதல் நாள் நான்காம் இடத்தில் ஒரே ஒரு ஸ்வர வரிசையை மெதுவாக உதிர்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "புது கிட்டாரா?" என்றாள். அவளுக்குப் பிக்கப் என்றால் என்னவென்றே தெரியாது.

இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. கிப்சனில் சேத் லவர், இரண்டு காயிலால் உறுமலை அடக்கும் ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டது 1955-ல். லியோ ஃபெண்டர் 1957-ல் பிரசிஷன் பாஸ் கிட்டாரின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, இரண்டு கம்பிக்கு ஒரு காயில் என்று வைத்து உறுமலை ஒழித்தார். 1987-ல் லேஸ் சென்சர் என்ற இரைச்சல் குறைந்த பிக்கப் வந்தது. ஆஸ்திரேலியாவின் கின்மேன், அமெரிக்காவின் டிமார்சியோ என்று பலர் இரண்டு காயிலுக்கும் நடுவே இரும்பை வைத்து, கீழ்க் காயில் கம்பியைக் கேட்காதபடி செய்வதில் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் கம்பி சுற்றுவதையே விட்டுவிட்டு, அச்சடித்த தகடுகளை அடுக்கி, பேட்டரியோடு வந்தது. இவர்களெல்லாம் அக்கறையில்லாமல் செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைய நல்ல அடுக்கு பிக்கப்பைக் கழுத்திலோ பிரிட்ஜிலோ தனியாகக் கேட்டால், பெரும்பாலான மேடையில் எனக்கே வித்தியாசம் தெரியாது.

ஆனால் கிட்டத்தட்ட எல்லாரும் பிக்கப்பை ஒவ்வொன்றாகத்தான் எடுத்துச் சரிசெய்கிறார்கள். நான்காம் இடத்தை மனதில் வைத்து யோசித்தது என் பார்வையில் ஒரே வழிதான். ஜான் சர், இலிச் போன்றவர்கள் செய்த போலிக் காயில். கிட்டாரின் பின்தகடு அளவுக்குப் பெரிய, குறைந்த சுற்றுள்ள ஒரு காயிலைத் தனியாக வைக்கிறார்கள். பரப்பு பெரிதாக இருப்பதால் சில சுற்றிலேயே தேவையான உறுமல் கிடைத்துவிடுகிறது. சுற்று குறைவாக இருப்பதால் தொனியை அதிகம் தொடுவதில்லை. பிக்கப் பழைய சிங்கிள் காயிலாகவே இருக்கிறது. நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியிருந்தால் வயரிங்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டிவரும். என் அடுத்த காசு அங்கேதான் போகும்.

நண்பனுக்குப் பதில். எடுடா. நீ பெரும்பாலும் பிரிட்ஜ் பிக்கப்பில் ஓவர்டிரைவ் போட்டு வாசிக்கிறவன், உனக்கு இதைவிட நல்லது அந்த விலைக்குக் கிடைக்காது. என்னைக் கேட்டால் நான் மறுபடி மாட்டமாட்டேன், அமைதியை இவ்வளவு புகழ்ந்த பிறகும். மாதக் கடைசியில் கடையிலிருந்து அந்த ஒற்றை நடு பிக்கப் வந்துவிடும். கழுத்தும் பிரிட்ஜும் இங்கே டப்பாவில் நன்றாக இருக்கின்றன. 620 கொடுக்காதே. தீபாவளிக்கு அம்மா வீட்டுக்கு வரும்போது மூன்றையும் கொண்டுவந்து தருகிறேன், அந்த ஒற்றைப் பிக்கப்பின் விலையை மட்டும் கொடு. போடுவதற்கு முன்னால் காப்பர் டேப் ஒட்டிவிடு, மிச்சச் சுருள் என்னிடம் இருக்கிறது.