எங்கள் பழைய வேனும் அதன் பிரேக்கும்: 13 வருட அனுபவம்

2016ஆம் வருடம் ஆடி 18 முடிந்து கொல்லிமலையிலிருந்து காரவள்ளிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியில் எட்டுப் பேர். பின்னால் பொங்கல் வைத்த பாத்திரங்கள், இரண்டு பலாப்பழம், ஒரு சாக்கு அன்னாசி. 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்திருப்போம். பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக உள்ளே போனது. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வளைவில் பஞ்சை மிதிப்பது போல ஆகிவிட்டது. "ஏன் கண்ணு, என்னமோ கருகற வாசம் வருதே" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார். இரண்டாம் கியர், பிறகு முதல் கியர், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் அகலமாக இருந்த ஓர் இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன். முன் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. அப்பா தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார், நான் தடுத்தேன். கொதிக்கிற டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டில், தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சூடு தணிந்ததும் பெடல் தானாகவே பழைய நிலைக்கு வந்தது.

அன்றைக்குப் பிறகுதான் இந்த வண்டியின் பிரேக்கை நான் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தேன். 2007 மாடல் டீசல் வண்டி, எட்டு இருக்கை. 2012இல் 92,000 கி.மீ. ஓடிய நிலையில் இரண்டாம் கையாக வாங்கினோம். இன்றைக்கு 2,71,000 தாண்டிவிட்டது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. அந்தக் காலத்துக் குடும்ப வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பிரேக் அமைப்பு இதுதான் என்பதால் நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை.

முதலில் பிரேக் ஆயில். கொல்லிமலையிலிருந்து திரும்பியதும் நாமக்கல்லில் பட்டறைக்கு விட்டோம். டப்பாவைத் திறந்தால் உள்ளே இருந்தது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வாங்கியதிலிருந்து நான்கு வருடம் அதை மாற்றவே இல்லை, குறையும்போது மேலே ஊற்றியதோடு சரி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்பது தர அளவு. டாட் 4இல் இதே எண்கள் 230, 155. மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் (பேட் என்ற உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டால், நாம் மிதிப்பது அந்தக் குமிழைத்தான் அமுக்கும், பேடை அமுக்காது. எங்களுக்கு நடந்தது இதுதான். சூடு ஆறினதும் குமிழ் மறைந்துவிடும், அதனால் மறுநாள் பட்டறையில் ஓட்டிப் பார்த்தால் "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அதை நம்பிவிடக் கூடாது.

இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 மாற்றுகிறேன். மூடி திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த பாட்டிலை வாங்குவதில்லை. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, இதோடு சேரவே சேராது. எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்தது என்று நினைத்து யாரும் ஊற்றிவிட வேண்டாம்.

சரி, ஆயில் மாற்றியாகிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் முன் பேடுகள் 18,000 கி.மீ.க்குள் தேய்ந்துபோயின. மற்றவர்களுக்கு அதைப் போல இரண்டு மடங்கு வருகிறது. 2017இல் இன்னொன்றும் சேர்ந்தது. 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறியது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். ஆறு மாதத்தில் மறுபடி உதறல். டிஸ்க்குக்குக் குறைந்தபட்சத் தடிமன் என்று ஓர் அளவு உண்டு, பெரும்பாலும் டிஸ்க்கிலேயே மி.மீ. கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். சீவிச் சீவி அதற்குக் கீழே போய்விட்டால் டிஸ்க்கால் சூட்டைத் தாங்க முடியாது, சீக்கிரமே மறுபடி கெடும். இரண்டாவது முறை நான் சீவ ஒப்புக்கொள்ளவில்லை, ஜோடியாகப் புதிது போட்டோம். புது டிஸ்க் போடும்போது, அது பொருந்தும் ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவைச் சுத்தமாகத் தேய்த்துவிட வேண்டும். அந்தத் துரு நூலளவு இருந்தால்கூடப் புது டிஸ்க் கோணலாகச் சுற்றும்.

இடையில் இடது முன் சக்கரம் மட்டும் தனியாகச் சூடாவதும் நடந்தது. காலிப்பர் நகர்வதற்கான பின்கள் இறுகியிருந்தன, ரப்பர் உறை கிழிந்து உள்ளே மண் போயிருந்தது. உள்பக்கப் பேடு தகடுவரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மீதமிருந்தது. பேட் மாற்றும்போது பழைய பேடுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது, புது பேட் போட்டும் பயனில்லை. காலிப்பர் பின்களுக்குப் போடும் கிரீஸும் அதற்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸாக இருக்க வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

இத்தனை செய்தும் முன் பிரேக் தேயும் வேகம் குறையவில்லை. காரணம் 2018இல்தான் தெரிந்தது. அதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்ப வண்டி வைத்திருப்பவர்களில் பலர் நான் செய்ததையே செய்திருக்கிறார்கள்.

நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன ஊர். லாரி பிரேக் வேலை மட்டுமே முப்பது வருடமாகச் செய்யும் பெரியவர் ஒருவரிடம் நண்பர் கூட்டிப்போனார். அவர் முன் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. வண்டியைச் சுற்றி நடந்து, பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பின்னாடி ஸ்பிரிங்குக்கு ஏதோ குடுத்து ஏத்தி வெச்சிருக்கீங்களே, எப்பப் போட்டது?" என்று கேட்டார். 2014இல் போட்டது அது. எட்டுப் பேர் ஏறினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் வளையம் மாட்டியிருந்தோம்.

அவர் காட்டியது பின் ஆக்ஸிலுக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சிறிய கம்பி நெம்புகோலையும், அது போய்ச் சேரும் வால்வையும். லாரிக்காரர்கள் லோடு வால்வு என்கிறார்கள். இதன் வேலை இதுதான்: வண்டியில் ஆள் ஏறினால் பின்புறம் தாழும், நெம்புகோல் அசையும், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை வால்வு கூட்டிக்கொடுக்கும். ஆள் இல்லாமல் காலியாக இருந்தால் பின் அழுத்தத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வீசிவிடும். நாங்கள் ரப்பர் வைத்துப் பின்புறத்தைத் தூக்கியதால், எட்டுப் பேர் உட்கார்ந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொண்டது. போதாததற்கு நெம்புகோலின் மூட்டு துருப்பிடித்து அசையவே இல்லை. குடும்பத்தோடு போன ஒவ்வொரு பயணத்திலும் வண்டியை நிறுத்தும் பாரம் ஏறக்குறைய முழுதாக முன் பிரேக்கின் மேல் விழுந்திருக்கிறது. 18,000 கி.மீ.யில் தேய்ந்த பேட், உதறிய டிஸ்க், கொல்லிமலையில் புகைந்த முன் சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு வருடம் நாங்கள் தவறான இடத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தோம்.

தினமும் அலுவலகத்துக்கு நான் ஒருவனாக ஓட்டியபோது எந்தக் குறையும் தெரியவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. மனைவி, பிள்ளைகள், அப்பா அம்மா எல்லோரும் ஏறிய நாட்களில்தான் அந்த வண்டி ஆபத்தான வண்டியாக இருந்திருக்கிறது. பழைய வேன் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஆட்களை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு முடிவு செய்யாதீர்கள்.

ரப்பரைக் கழற்றிவிட்டு, தளர்ந்துபோன பின் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் புதிதாக மாற்றினோம். வால்வும் புதிது. அப்போதே டிரம்மையும் திறந்தார்கள். டிரம்மின் உள்பக்கத்தில் அழுந்தும் ஷூவை அதன் தேய்மானத்துக்கு ஏற்பத் தானாக நெருக்க வேண்டிய அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் இறுகிக் கிடந்தது. ஷூவைத் தள்ளும் வலது வீல் சிலிண்டரில் கசிவு, ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் ஆயிலில் ஊறியிருந்தது. ஊறிய லைனிங்கைக் கழுவிப் போட முடியாது, இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றத்தான் வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூளை ஏர் அடித்து ஊத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், பட்டறையில் வேலை செய்யும் பையன்களின் நுரையீரலுக்குத்தான் கேடு. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னால் போதும்.

இன்னொரு பழக்கத்தையும் அந்தப் பெரியவர் மாற்றினார். டப்பாவில் ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றாதே, ஏன் குறைந்தது என்று பார் என்றார். பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும், கசிந்தாலும் இறங்கும். காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் வண்டி தருகிற எச்சரிக்கையை நாமே அழிக்கிறோம்.

2020 ஊரடங்கில் மூன்று மாதம் ஹேண்ட் பிரேக் போட்டபடியே வண்டி நின்றது. எடுக்கும்போது ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, பின் சக்கரம் சுற்றவில்லை. இப்போது ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுகிறேன்.

பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் போனதை முதலில் கவனித்தது என் மனைவி. 2021இல் ஒருநாள் சேலத்தில் சிக்னலில் நிற்கும்போது, "பிரேக்கை மிதிச்சுட்டே இருந்தா மெதுவாக் கீழே போகுதுங்க" என்றார். நான் ஓட்டும்போதும் அது நடந்திருக்க வேண்டும், தினமும் ஓட்டும் கால் பழகிப்போய்விடுகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர்கள் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே தாண்டிப் போனது. இதற்கு இரண்டு மாதம் முன்பு வேறொரு இடத்தில் ஏர் எடுத்தபோது, அதாவது பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றியபோது, பெடலைத் தரைவரை பலமுறை குத்தினார்கள். பழைய சிலிண்டரில் வழக்கமாக ரப்பர் போகாத அடிப்பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும், அங்கே இழுபட்டால் ரப்பர் கிழியும். எங்களுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்கச் சொல்கிறேன்.

டீசல் வண்டிக்காரர்கள் வேக்குவம் பம்பையும் நினைவில் வைக்க வேண்டும். நம் மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தை) டீசல் இன்ஜின் தானாகத் தராது, அதற்கென்று பம்ப் உண்டு. எங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிறது. ஒரு காலையில் பெடல் கல் மாதிரி இருந்தது. பம்பிலிருந்து வரும் ஹோஸ் வெடித்திருந்தது, சின்ன வேலைதான். பூஸ்டரை வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரிலோ வேக்குவத்திலோ கோளாறு. டீசல் மிச்சம் பிடிக்க மலை இறக்கத்தில் இன்ஜினை அணைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். இரண்டு மூன்று மிதியில் சேர்ந்திருக்கும் வேக்குவம் தீர்ந்துவிடும், அதன் பிறகு உடல் பலம் முழுதும் போட்டாலும் பிரேக் போதாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

2022இல் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோனபோது பிரேக்கில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த வருடமே முன் சக்கரத்து ரப்பர் ஹோஸ்கள் இரண்டையும் மாற்றினேன். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே உப்பி வழி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். காலிப்பர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு.

இன்றைய நிலையில் முன் பேட் 36,000 கி.மீ. ஓடி இன்னும் பாதி இருக்கிறது. பின் லைனிங் முன்பைவிட வேகமாகத் தேய்கிறது, அதில் எனக்கு நிம்மதிதான். இந்த வருடமும் ஆடி 18க்குப் போனோம். இரண்டாம் கியரிலேயே இறங்கினேன், வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு காலை எடுத்துவிடுவது. காரவள்ளி வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன் இரண்டும் நல்ல சூடு, இரண்டுக்கும் வித்தியாசமில்லை. பின்னாலும் அனல் தெரிந்தது, இடமும் வலமும் ஒரே அளவாக.