ஓலைக் கொட்டில் உணவகங்கள்: நாலு மாரி கண்ட பிறகு

வவுனியா தாண்டி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று ஏ9 வீதியில் போய்வருகிறவர்களுக்கு இந்த மாற்றம் புதிதல்ல. தகரக் கூரைச் சாப்பாட்டுக்கடைகளுக்கு நடுவே ஓலைக் கொட்டிலும் மண்சுவரும் வண்டில் சில்லுமாகக் கிராமத்துக் கோலம் பூண்ட உணவகங்கள் எழுந்திருக்கின்றன. பண்ணைகளோடும் சிறுவர் பூங்காக்களோடும் சேர்ந்து வந்தவையும் உண்டு. திறப்பு விழாப் படத்தில் எல்லாமே அழகுதான். நாலு மாரியும் நாலு கோடையும் போன பிறகு எது நிற்கிறது, எது உதிர்கிறது, சாப்பிட வருகிறவருக்கு எது உபயோகப்படுகிறது என்பதே இங்கே பேச்சு.

முதலில் தோற்பது கூரை. முடைந்த தென்னோலைக் கிடுகு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இரண்டாம் மாரியிலேயே கறுத்து நைந்துவிடும். பனையோலையை நெருக்கி வேய்ந்தால் மூன்று நாலு வருடம் தாங்கும். இரண்டுக்கும் ஆயுள் சரிவில் இருக்கிறது. 45 பாகைக்குக் குறையக்கூடாது: முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை கிடையாக 8 அடி என்றால் முகடும் தாழ்வாரத்திலிருந்து 8 அடி எழும்ப வேண்டும். கம்பும் ஓலையும் மிச்சம் பிடிக்கப் பலர் 25, 30 பாகையில் முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் வழியாமல் ஓலைக்குள் ஊறும். ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரை விட்டுவிட்டுப் பெய்யும்போது அந்த ஓலை காய்வதற்கு நாளே கிடையாது. புளி, மா நிழலுக்குள் கட்டிய கொட்டில் இன்னும் கெதியாக உக்கும். வெயில் படாது, சருகும் கூரையில் தங்கும். மரத்துக்குக் கிழக்கே தள்ளிக் கட்டியவர்கள் கெட்டிக்காரர். காலை வெயில் கூரையைக் காய வைக்கும், பின்னேர நிழல் மேசைக்கு வரும்.

ஒழுக்குக்குப் பயந்து தகரம் அடித்து, அதன் மேலே ஓலையைப் பரப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. தகரத்தில் ஓலை ஒட்டிக் கிடந்தால் ஈரம் வெளியேற வழியில்லை; அடிப்பக்கம் உக்கி, இரண்டுக்கும் இடையில் எலி கூடு கட்டும். எலி வந்தால் பாம்பும் வரும். தகரம் வேண்டுமென்றால் அதன் மேல் சிலாகை அடித்து நாலு அங்குல இடைவெளி விட்டு ஓலையைக் கட்டவேண்டும். பிளாஸ்ரிக் ஓலையை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். வன்னி வெயிலில் நிறம் வெளுத்து நொறுங்கும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

சாப்பிடுகிறவருக்குக் கூரையால் வருகிற பெரிய தொல்லை ஒழுக்கு அல்ல, தூசி. காய்ந்த ஓலையிலிருந்து துகளும் வண்டரித்த மாவும் சோற்றில் விழும். கலியாணப் பந்தலில் வெள்ளை கட்டுவார்களே, அதன் பயன் இதுதான். அதே முறையில் மேசைக்கு மேலே வெள்ளைத் துணியோ பனையோலைப் பாயோ கட்டிய இடங்களில் கோப்பை சுத்தமாக இருக்கும். துணியென்றால் மாதம் ஒருமுறை அவிழ்த்துத் தோய்க்கவேண்டும். மின்விசிறியை முகட்டில் தொங்கவிட்டால் காற்று ஓலையை அலைத்துத் தூசியைக் கொட்டும். கூரையைத் தாங்குகிற மரத்தூணான கப்பில் பொருத்துகிற சுவர் விசிறிதான் இந்தக் கூரைக்கு ஏற்றது. கரண்ட் வயரை ஓலைக்குள் ஒளித்து இழுப்பது மகா ஆபத்து. எலி கடித்த இடத்தில் பொறி பறந்தால் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கொட்டில் முடிந்துவிடும். வயர் குழாய்க்குள், கப்போடு இறங்க வேண்டும்.

குசினி எந்தப் பக்கம் என்பதில் முன்னோர் சொன்னதை மறந்தவர்கள் புகையில் அவதிப்படுகிறார்கள். வைகாசி தொட்டுப் புரட்டாசி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும்; மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அடுப்பு தென்கிழக்கு மூலையில், அதாவது அக்கினி மூலையில், இருந்தால் இரண்டு காற்றுக்கும் புகை வளவுக்கு வெளியேதான் போகும். வடமேற்கு மூலைக்கும் இந்தக் கணக்குச் சரிவரும். வடகிழக்கிலோ தென்மேற்கிலோ குசினி வைத்த இடங்களில் வருடத்தில் நாலைந்து மாதம் விருந்தாளிக்குக் கண் எரியும். வீட்டு அடுப்பின் மெல்லிய புகை ஓலையைப் பூச்சி அரிக்காமல் காத்தது உண்மை. ஆனால் உணவகத்தில் பெரிய தாச்சியில் எண்ணெய் கொதிக்கிறது, எரிவாயுச் சிலிண்டர் நிற்கிறது. அந்தக் குசினிக்கு ஓட்டுக் கூரையே போட வேண்டும். ஓலைக் கொட்டிலிலிருந்து 20 அடியாவது தள்ளி நிற்கவேண்டும்.

மண்சுவரில் நடக்கிற தவறு ஒன்றே ஒன்று: மண்ணைக் குழைத்து எழுப்பிவிட்டு, மழைக்குக் கரையாதிருக்கவென்று வெளியே சீமெந்து பூசுவது. சீமெந்து மண்ணோடு ஒட்டாது. அடியிலிருந்து ஏறுகிற ஈரம் உள்ளே சிறைப்பட்டு, முதல் மாரி முடிய முழங்கால் உயரத்துக்குத் தட்டுத் தட்டாகக் கழன்று விழும். ஒன்றரை, இரண்டு அடிக்குக் கல்லால் அத்திவாரத்தை உயர்த்தி, தாழ்வாரத்தை மூன்று அடி வெளியே நீட்டி, புற்றுமண்ணும் சாணமும் சேர்த்து மெழுகினால் போதும். வருடம் ஒருமுறை தைக்கு முன் திரும்ப மெழுக வேண்டும். கப்புகளுக்கு முதிரையோ பாலையோ வைரம் பாய்ந்ததாகப் பார்க்கவேண்டும். எந்த மரமென்றாலும் நேரே நிலத்தில் நட்டால் கறையான் கண்டுபிடித்துவிடும். தரைக்கு மேல் ஆறு அங்குலம் எழும்பிய கொங்கிரீற்றில் இரும்புத் தகடு பதித்து அதில் கப்பை நிறுத்தினால், கறையான் ஏறுகிற மண்கோடு கண்ணுக்குத் தெரியும், உடனே தட்டிவிடலாம். கழிவு ஒயில் பூசுகிறவர்கள் உண்டு. தோட்டக் கொட்டிலுக்கு அது பரவாயில்லை, சாப்பிடுகிற இடத்தில் அந்த மணம் மாதக்கணக்கில் போகாது. பனஞ்சிலாகை நல்ல தெரிவு. பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

தரையும் இருக்கையும்தான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. வன்னியில் ஊன்றுகோலோடும் செயற்கைக்காலோடும் சக்கர நாற்காலியோடும் வாழ்கிறவர்கள் எத்தனை பேர் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குடும்பமாக வெளியே சாப்பிட வருகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கிராமத்துக் கோலத்தின் பேரில் நடைபாதைக்கு வெண்மணல் கொட்டுகிறார்கள். படத்தில் அழகு, சில்லு அரையடி போக முன் புதைகிறது, ஊன்றுகோல் இறங்குகிறது. வாசலில் வெட்டிய மரக்குற்றிகளைப் படியாக அடுக்குகிறார்கள், ஒன்று ஐந்து அங்குலம், அடுத்தது எட்டு. பாய் விரித்துச் சப்பணமிட வைக்கிற கொட்டிலில் செயற்கைக்கால் போட்டவர் இருக்கவே முடியாது, முழங்கால் நோகிற அம்மம்மாவும் முடியாது.

இதற்கெல்லாம் கோலத்தைக் கெடுக்காமலே வழி உண்டு. கிரவல் மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து இறுக்கிய நாலு அடிப் பாதை செம்மண் நிறத்திலேயே இருக்கும், சில்லும் ஓடும். வாசல் ஒரு அடி உயரமென்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். மூன்று அடியில் செங்குத்தாகப் போட்டுவிட்டு வசதி செய்ததாகச் சொல்வதில் பயனில்லை, தள்ளுகிறவருக்கும் அது வழுக்கும். பொதுமக்கள் வருகிற கட்டடங்களுக்கு அணுகல் வசதி வேண்டும் என்ற விதிகள் 2006ஆம் ஆண்டே வர்த்தமானியில் வந்தவை. இருப்பதற்குத் திண்ணையைப்போல நல்லது வேறில்லை. 17, 18 அங்குல உயரத்தில் சிவப்புச் சீமெந்துத் திண்ணை, முன்னால் 30 அங்குல மேசை. மேசைக்குக் கீழே குறுக்குச் சட்டம் இல்லாமல் 27 அங்குலம் வெறுமையாக இருந்தால் சக்கர நாற்காலி நேரே உள்ளே வரும். மரக்குற்றிபோல வார்த்த கொங்கிரீற்று வாங்கு கோடையில் நண்பகலுக்குப் பிறகு சுடும், முதுகு சாயவும் இடமில்லை. அதைப் படம் எடுக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சாணம் மெழுகிய தரை கண்ணுக்குக் குளிர்ச்சி. கதிரை இழுபடுகிற இடத்தில் ஒரு கிழமையில் கிளம்பிவிடும். கதிரை இல்லாத விறாந்தைக்குத்தான் அது சரி.

பாத்திர விஷயத்தில் ஆசை அறிவை மறைத்துவிடுகிறது. மெருகில்லாத மண்கோப்பையில் சோறும் மீன்குழம்பும் பரிமாறினால் பார்க்க அருமை. அந்த மண் எண்ணெயையும் குடிக்கும், கழுவுகிற சோப்பையும் குடிக்கும். பத்தாவது தடவை சாப்பிடுகிறவருக்குப் பழைய குழம்பின் ஊத்தை வாடையும் சவர்க்காரச் சுவையும் வரும். மண்சட்டி சமைப்பதற்கு, அதிலும் வாங்கிய அன்றே எரிவாயுவில் வைத்தால் நடுவில் மட்டும் சூடேறி வெடிக்கும். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அரிசிக்கஞ்சியை மெல்லிய நெருப்பில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும், கழுவுவதற்குச் சாம்பலும் சுடுதண்ணீரும், பிறகு வெயில். பரிமாறுவதற்கு எவர்சில்வர் தட்டில் வாழையிலை வெட்டிப் போடுவதே சுத்தமும் மரியாதையும். தயிர் மட்டும் அது உறைந்த சட்டியோடு மேசைக்கு வரட்டும். கூடவே சின்ன ஓலைப்பெட்டியான குட்டானில் பனங்கட்டி இருந்தால் வேறு இனிப்பு வேண்டாம்.

காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழைப் பிளாவில், அதாவது பனையோலைக் குவளையில், ஊற்றுவதை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். பச்சை ஓலையில் அன்றன்று கோலவேண்டும். காய்ந்த ஓலை மடிப்பில் வெடித்து ஒழுகும். ஒருமுறை பாவித்ததும் எருக்குழிக்குப் போகவேண்டும், கழுவித் திரும்ப வைக்கக்கூடாது. கூழின் குறை எப்போதும் நேரத்தில்தான். மாவை ஊறவைத்து நீரை வடித்துக் கைப்பை எடுத்து, கடைசியில் கரைத்துவிட்ட கூழ் அரை மணித்தியாலத்தில் இறுகத் தொடங்கும். மத்தியானம் வைத்ததைப் பின்னேரம் பச்சைத்தண்ணீர் விட்டு இளக்கினால் நண்டின் சுவை கரைந்துபோகும். நேரம் குறித்து எழுதிப் போட்டு, முடிந்ததும் முடிந்தது என்று சொல்கிற இடமே நம்பத்தக்கது.

மண்பானைத் தண்ணீர் மேசைக்கு மேசை வைக்கிறார்கள். பானையின் நுண்துளை வழியே கசிந்து ஆவியாவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். சில மாதத்தில் பானையின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூத்துத் துளை அடைபடும், குளிர்ச்சி போகும். பழப்புளியால் தேய்த்து ஊறவிட்டால் கொஞ்சம் திறக்கும். வருடத்துக்கு ஒரு பானை மாற்றுவது நல்லது. வர்ணம் அடித்த பானை குளிரவே குளிராது, துளையெல்லாம் வர்ணத்தால் மூடியிருக்கும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் எந்தப் பானையும் குளிர்விக்காது.

அரிக்கன் லாம்புக்குள் எல்.ஈ.டி. வைப்பது நல்ல யோசனை. மஞ்சள் ஒளியாக, 2700 கெல்வின் அளவில், வாங்கவேண்டும். வெள்ளை ஒளியில் சோறும் முகமும் நீலம் பாயும். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புகிற இரவில் மேசைக்கு மேலே பிரகாசமான விளக்கு எரிந்தால் சாப்பாடு முழுக்க இறகுதான். வளவின் ஓரத்தில் 40 அடி தள்ளி ஒரு பெரிய வெளிச்சம் போட்டுப் பூச்சியை அங்கே இழுத்துவிட்டு, மேசையில் மங்கலாக வைத்துக்கொள்வதே வழி. செயற்கைத் தாமரைக் குளம், கவிழ்க்காத அலங்காரப் பானை, வண்டிலுக்குள் வைத்த பூச்சாடித் தட்டு எல்லாம் நுளம்புக்கு வீடு. கிழமைக்கு ஒருதரம் தண்ணீர் கொட்டிக் கழுவாவிட்டால் குடம்பி நுளம்பாகிவிடும்; குளத்துக்கு கப்பி மீன் விடவேண்டும்.

அலங்காரத்தில் எங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. கேரளப் படகு, பாலித்தீவுக் குடை, பைபர் யானை எல்லாம் வந்துவிட்டன. துலா, சூடடிக்கிற களம், குளக்கட்டு, காவல் பரண் என்று வன்னிக்கே உரியவை ஓரமாக நிற்கின்றன. பரண் ஒன்றைக் கட்டி அதில் இருந்து சாப்பிட வைத்தால் பிள்ளைகள் விட்டு இறங்கமாட்டார்கள். ஆனால் அதை உயிர்மரத்தில் கம்பியால் இறுக்கிக் கட்டக்கூடாது. மரம் பருக்கக் கம்பி பட்டையை அறுத்து மரத்தைக் கொல்லும், காற்றுக்கு மரம் ஆடப் பலகை ஆணி கழலும். மரத்தைச் சுற்றித் தனிக் கப்புகள் நட்டு, மரத்துக்கும் பலகைக்கும் இடையில் நாலு அங்குலம் விட்டு, மூன்றரை அடிக் கைபிடிச் சட்டம் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். பண்டார வன்னியனுக்குச் சிலை வைக்கிறவர்கள் கீழே ஒரு வரியாவது சரியாக எழுதட்டும். கற்சிலைமடு நினைவுக்கல்லில், ஆங்கிலேயரிடம் அவன் தோற்ற நாள் 1803 ஒக்டோபர் 31 என்றே பொறித்திருக்கிறது. அதைப் போட்டால் கேட்கிற பிள்ளைக்குத் தகப்பன் பதில் சொல்லலாம்.

விவசாயத் திணைக்களத்தின் கீழ் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகங்களில் சில்லும் இல்லை, சிலையும் இல்லை. கண்ணுக்கு முன்னே தோசை வார்க்கிறார்கள், பனையோலை நீற்றுப்பெட்டியில் புட்டு அவிக்கிறார்கள். கிராமம் அந்தக் கை வேலையில் தெரிகிறது. பெரிய செலவில் கொட்டில் போடுகிறவர்கள் அடுப்பைப் பின்னால் ஒளிக்காமல், ஒரு புட்டுப்பானையையாவது முன்னே கொண்டுவரலாம்.

ஏ9இல் பஸ்ஸில் வருகிறவருக்கு நேரம் கால் மணித்தியாலம், வானில் வருகிற குடும்பத்துக்கு ஒரு மணித்தியாலம். ஒரே வரிசையில் இருவரையும் நிறுத்தினால் இருவருக்கும் கோபம். முன்னால் தேத்தண்ணி, வடை, கட்டிய புட்டு கொடுக்க ஒரு சின்னக் கடை, கொட்டில்கள் பின்னால். மலசலகூடத்தில் மட்டும் கிராமத்துக் கோலம் வேண்டாம். ஓடு பதித்த சுவர், நிறையத் தண்ணீர், இரவில் வெளிச்சம், பெண்களுக்கு உள்ளே தாழ்ப்பாளும் கொளுக்கியும் குப்பைவாளியும். ஓலைத் தட்டியால் மறைத்த மலசலகூடம் எத்தனை அழகாக இருந்தாலும் தூரப் பயணம் வந்த பெண் திரும்பி வரமாட்டாள்.

புதிதாக ஒரு இடத்துக்குப் போகிறவர்கள் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். வேய்ச்சல் ஆனி, ஆடியில் நடந்து ஆவணிக்குள் முடிந்திருந்தால், ஐப்பசி பிறக்கும்போது ஓலை இன்னும் வெளிறிய மஞ்சளில் இருக்கும். சாம்பல் நிறத்தில் முகட்டோரம் குழி விழுந்திருந்தால், மழை நாளில் நடுமேசையை விட்டுத் திண்ணைப் பக்கம் இருங்கள்.